சிங்ரிகாட்டா சிக்னலில் 387 குதிரைகள்

கொல்கத்தாவில் 10 கிலோமீட்டர் காரில் போக 2024ஆம் ஆண்டில் சராசரியாக 34 நிமிடம் 33 விநாடி பிடித்தது. உலக நகரங்களின் போக்குவரத்தை அளந்து ஆண்டுதோறும் பட்டியல் போடும் டாம்டாம் நிறுவனத்தின் கணக்கு இது. அந்தப் பட்டியலில் கொல்கத்தாவைவிட மெதுவாக நகர்ந்த ஊர் கொலம்பியா நாட்டின் பாரன்கியா ஒன்றுதான். நெரிசல் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் பெங்களூருகூட கொல்கத்தாவுக்கு அடுத்த இடத்தில்தான் வந்தது. மணிக்கு என்று பார்த்தால் ஏறத்தாழ 17.4 கிலோமீட்டர். சைக்கிளில் நன்றாக மிதிக்கிற ஓர் இளைஞன் இதே வேகத்தில் போய்விடுவான்.

இதற்குக் காரணம் ஓட்டுநர்களின் குணம் அல்ல, நகரத்தின் உடலமைப்பு. கொல்கத்தாவின் பரப்பில் சாலைகளுக்குக் கிடைத்திருப்பது 6, 7 சதவீத இடம்தான். டெல்லியில் அது 20 சதவீதத்துக்கு மேல். ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு வளர்ந்த ஊர் இது. எல்லோரும் ஒரே சில சாலைகளில்தான் வந்து சேர வேண்டும்.

இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு லேக் மார்க்கெட் பக்கம், தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் பகுதியில். வேலை சால்ட் லேக் செக்டர் ஃபைவில். ராஷ்பிஹாரி அவென்யூ, கரியாஹாட், பிஜன் சேது, ரூபி சந்திப்பு, அங்கிருந்து இ.எம். பைபாஸில் வடக்கே திரும்பி, சயன்ஸ் சிட்டியைத் தாண்டி, சிங்ரிகாட்டாவில் நின்று, பிறகு செக்டர் ஃபைவ். சுமார் 14 கிலோமீட்டர். சராசரி வேகத்தில் போனால் 48 நிமிடம். அவரிடம் இருப்பது பிஎம்டபிள்யூ எம்340ஐ. ஆறு சிலிண்டர், 2,998 சிசி, டர்போ, 387 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டும். 2021 மார்ச்சில் வந்தபோது ஷோரூம் விலை 62.9 லட்சம் ரூபாய். அதை விற்றுவிட்டு ஹுண்டாய் ஐ20 என் லைன் வாங்கலாமா என்று யோசிக்கிறார். அது மூன்று சிலிண்டர், 998 சிசி, டர்போ, 120 குதிரைத்திறன். நூறை எட்டச் சுமார் 10 விநாடி. 2021 செப்டம்பரில் அதன் தொடக்க விலை 9.84 லட்சம். இரண்டு கார்களுமே சென்னைக்குப் பக்கத்தில் உருவாகின்றன. பிஎம்டபிள்யூ சிங்கப்பெருமாள்கோவில் அருகே பூட்டப்படுகிறது, ஹுண்டாய் இருங்காட்டுக்கோட்டையில்.

இந்த மாற்றத்தைப் பலரும் ஓர் இறக்கமாகவே பார்ப்பார்கள். கார்ப் பித்து பிடித்தவர்கள் ஐ20 என் லைனை ஹாட் ஹேட்ச், அதாவது சின்ன உடலில் துடிப்பான எஞ்சின் கொண்ட கார், என்று சொல்லவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் இயற்பியலின் பக்கம் நின்று இதைப் பார்க்க விரும்புகிறேன். ஒரு கார் எவ்வளவு திறன் தரும் என்பது ஒரு கேள்வி. ஒரு சாலை எவ்வளவு திறனை வாங்கிக்கொள்ளும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

சமதளச் சாலையில் சீராக ஓடும் காரை இரண்டு தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன: டயர் நசுங்கி விரிவதால் வரும் உருளல் தடை, முன்னால் இருக்கும் காற்றைப் பிளப்பதால் வரும் காற்றுத்தடை. காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். அதிவேகக் கார்களுக்கு அவ்வளவு திறன் தேவைப்பட இந்த மும்மடி விதிதான் காரணம். மணிக்கு 250 கிலோமீட்டரில் ஒரு செடான் காருக்குக் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் 130 கிலோவாட், அதாவது 175 குதிரைத்திறன் போல வேண்டும். 100 கிலோமீட்டரில் அது எட்டரை கிலோவாட்டுக்கு இறங்கிவிடுகிறது. கொல்கத்தாவின் 17.4 கிலோமீட்டரில்? சுமார் 44 வாட். வீட்டுக் கூடத்தில் சுற்றும் சாதாரண மின்விசிறி இதைவிட அதிகம் இழுக்கும்.

உருளல் தடை வேகத்தைப் பொறுத்து அவ்வளவாக மாறாது, எடையைப் பொறுத்து மாறும். ஓட்டுநரோடு சேர்த்து பெரிய காரை 1,800 கிலோ என்றும் சின்னக் காரை 1,200 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், நகரத்தின் சராசரி வேகத்தில் முன்னதற்கு 1 கிலோவாட், பின்னதற்கு 0.7 கிலோவாட் போதும். மே மாத வெயிலில் காருக்குள் ஏசி ஓடும்போது அதன் கம்ப்ரஸர் 2, 3 கிலோவாட் எடுத்துக்கொள்ளும். இ.எம். பைபாஸில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு கார், தன்னை நகர்த்துவதைவிட உள்ளே இருப்பவரைக் குளிர்விக்கவே அதிகம் உழைக்கிறது.

சராசரியை மட்டும் பார்த்தால் போதாது, கிளம்பும்போது வேகம் எடுக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயம்தான். பச்சை விழுந்ததும் சுறுசுறுப்பாகக் கிளம்பும் ஒருவர் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டுகிறார் என்று கொள்வோம். உள்ளே நிற்பவர் தடுமாறும் அளவுக்கு ஒரு பஸ் டிரைவர் கிளப்பினால் இந்த முடுக்கம் வரும். மணிக்கு 36 கிலோமீட்டரைத் தொடும் நொடியில் சின்னக் காருக்குத் தேவை 25 கிலோவாட், அதாவது 34 குதிரைத்திறன். பெரிய காருக்கு 50. அதற்குள் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு எரிந்துவிடும். 387இல் 50, 120இல் 34. மீதி எல்லாம் பானட்டுக்கு அடியில் சும்மா இருக்கிறது.

அதோடு, சந்திப்பைக் கடப்பதில் திறனுக்குப் பங்கே இல்லை. பச்சை விழுந்த பிறகு ஒரு தடத்தில் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒரு கார் வீதம்தான் கோட்டைத் தாண்டும். இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, மனிதக் கண்ணும் காலும். வரிசையில் பதினைந்தாவதாக நிற்பவருக்கு அரை நிமிடம் கழித்துத்தான் வாய்ப்பு, அவர் எதை ஓட்டினாலும்.

கொல்கத்தா இதைக் கணக்குப் போடாமலேயே அறிந்திருந்தது. உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை அம்பாசடர் கார் தயாரானது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் உடல், 1,489 சிசி எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். மஞ்சள் டாக்ஸியாக அது அரை நூற்றாண்டு இந்த ஊரைச் சுமந்தது. பின்சீட்டில் நான்கு பேர், கூரையில் படுக்கை மூட்டை, டிக்கியில் பெட்டிகள் என்று ஹவுரா நிலையத்திலிருந்து வெளியே வரும் அந்த வண்டிகளுக்கு, மேலே நாம் கண்ட 34 குதிரைத்திறன் கணக்கு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. நகரத்துக்குத் தேவையான திறன் அன்றே கிடைத்துவிட்டது. அதற்கு மேல் வந்தது எல்லாம் வேறு எதற்கோ.

சும்மா இருக்கும் திறன் சும்மா இருந்துவிட்டால் தொல்லை இல்லை. அது தீனி கேட்கிறது. எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் உரசுகின்றன, பேரிங்குகள் எண்ணெய்ப் படலத்தில் சுழல்கின்றன, வால்வுகளின் ஸ்பிரிங்குகள் அமுங்கி எழுகின்றன. இந்த உராய்வு ஏறக்குறைய எஞ்சினின் கொள்ளளவுக்கு ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஒரு 3 லிட்டர் எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே 2 கிலோவாட் போலச் செலவிடும். 1 லிட்டர் எஞ்சினுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய காரை நகர்த்த 1 கிலோவாட், அதன் எஞ்சினைச் சுழற்ற 2 கிலோவாட்!

இதன் மேல் இன்னொரு இழப்பும் உண்டு. வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் திறனைக் குறைப்பது என்றால் காற்று வரும் வழியை அடைப்பது என்று பொருள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தச் சிறு இடுக்கு வழியே காற்றை உறிஞ்சப் போராடும். பெரிய எஞ்சினைச் சின்ன வேலைக்கு வைத்தால் அது எப்போதும் இப்படி மூச்சுத் திணறிக்கொண்டே ஓடும். நல்ல சுமையில் பெட்ரோலின் ஆற்றலில் 35 சதவீதம் வரை வேலையாக மாற்றக்கூடிய எஞ்சின், இந்த நிலையில் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. சின்ன எஞ்சின் அதே வேலைக்கு த்ராட்டிலை இன்னும் அகலத் திறந்துகொள்கிறது. அதன் மூச்சு சீராக இருக்கிறது.

பிறகு பிரேக். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1,800 கிலோ காரின் இயக்க ஆற்றல் 111 கிலோஜூல். 1,200 கிலோ காருக்கு 74. சிவப்பு விழுந்து நின்றால் அவ்வளவும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் சக்கரத்துக்கு வருகிறது என்று கொண்டால், ஒவ்வொரு முறை நின்று கிளம்பவும் பெரிய கார் 17 மில்லி பெட்ரோலையும் சின்னக் கார் 12 மில்லியையும் குடிக்கும். லேக் மார்க்கெட்டிலிருந்து செக்டர் ஃபைவ் போவதற்குள் 30 முறை இப்படி நின்று, 20 நிமிடம் வெறுமனே எஞ்சின் ஓடினால், பெரிய காருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், சின்னக் காருக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். சிக்னலில் எஞ்சினைத் தானே அணைக்கும் வசதி பெரிய காரில் உண்டு. ஆனால் புழுக்கத்தில் ஏசி தொடர்ந்து ஓட வேண்டியிருக்கும்போது அது பெரும்பாலும் அணைக்காது.

போகவர ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் மிச்சம். லிட்டர் 105 ரூபாய் என்றால் வருடத்துக்கு 26,000 ரூபாய் போல. 62.9 லட்சம் கொடுத்தவருக்கு இது பெரிய தொகை அல்ல என்பது எனக்குப் புரிகிறது. பணம் உண்மையில் மிச்சமாவது காரின் விலையிலும், அந்த விலையைத் தொடர்ந்து வரும் இன்சூரன்ஸ், டயர், மதிப்பிறக்கம் ஆகியவற்றிலும்தான். பெட்ரோல் கணக்கை இங்கே விரித்துச் சொன்னது, ஆற்றல் எங்கே போகிறது என்று காட்டுவதற்காக. அந்த ஒரு லிட்டர் யாரையும் எங்கேயும் கொண்டு சேர்க்கவில்லை. பைபாஸின் காற்றில் புகையாகவும் சூடாகவும் கலந்தது.

சின்ன உடலில் துடிப்பான எஞ்சின் என்ற எண்ணத்துக்கு முகம் கொடுத்தது 1976இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 1,588 சிசி, 110 குதிரைத்திறன், எடை வெறும் 810 கிலோ. நூறு கிலோமீட்டரை எட்ட 9 விநாடி போல ஆனது. முதலில் 5,000 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கியவர்கள் முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றார்கள். ஐ20 என் லைனின் 10 விநாடியை ஏளனம் செய்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்: ஹாட் ஹேட்ச் என்ற இனத்துக்கே தகப்பனாக மதிக்கப்படும் கார் அதைவிட ஒரு விநாடி போலத்தான் முந்தியது.

இந்தியாவில் இந்த இனம் வேறு ஒரு வழியில் வளர்ந்தது, வரிச் சட்டத்தின் வழியில். நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளம், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கு மிகாமல் இருந்தால் சின்னக் கார் என்று 2006 முதல் வரிச் சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் அவற்றுக்கு 18 சதவீதம். மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40. ஐ20யின் நீளம் 3,995 மில்லிமீட்டர்; சட்டத்துக்காகவே வெட்டித் தைத்த அளவு. 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,197 சிசியில் 105 குதிரைத்திறன் தந்தது. 2017இல் பலேனோ ஆர்எஸ், 2024இல் டாடா ஆல்ட்ராஸ் ரேசர் எல்லாமே இந்தக் கோட்டுக்குள் நின்று விளையாடியவை. கோட்டைத் தாண்டி 1,368 சிசியில் 145 குதிரைத்திறனோடு 2015இல் வந்த ஃபியட் அபார்த் புன்டோவை ரசிகர்கள் இன்றும் ஆசையோடு பேசுகிறார்கள், ஆனால் அது அதிகம் விற்கவில்லை. கொள்ளளவைக் கூட்டக்கூடாது, திறன் வேண்டும் என்றால் ஒரே வழி டர்போதான்.

பார்க் ஸ்ட்ரீட்டின் கிழக்குப் பகுதியில் மல்லிக் பஜார் இருக்கிறது. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ கொல்கத்தாவுக்கு அது அப்படி: கார்களைக் கழற்றி, பாகம் பாகமாக விற்கும் தெரு. அங்கே ஒரு கடையில், சின்ன எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் நத்தை ஓடு வடிவ இரும்புக் கூடு, உள்ளே கரி படிந்த சக்கரம். மறுபக்கம் பளபளக்கும் அலுமினியச் சக்கரம். இரண்டையும் இணைக்கும் தண்டு என் சுண்டு விரலைவிட மெலிது. கடைக்காரர் சக்கரத்தின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். ஆட்டம் அதிகம் இருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள், வாங்கக் கூடாது. புகைக்குழாய்க்குப் போகும் சூடான வாயு கரிச்சக்கரத்தைச் சுழற்றும், அது அலுமினியச் சக்கரத்தைச் சுழற்றும், அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். எரிந்து வெளியே போக இருந்த ஆற்றலைப் பாதி வழியில் மடக்கி வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரட் பூஷி 1905இலேயே காப்புரிமை பெற்றார். என் உள்ளங்கையில் அடங்கிய அந்தச் சக்கரம் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுற்றும்.

டர்போவின் பழைய நோய் தாமதம். மிதித்ததும் வாயு கூட வேண்டும், சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும், பிறகுதான் இழுவை வரும். சின்ன டர்போ இதை எப்படி வெல்கிறது என்பது இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. ஒரே வடிவம், ஒரே உலோகம் கொண்ட சக்கரங்களில், சுழற்சியை எதிர்க்கும் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. நிறை மூன்றாம் அடுக்கில் கூடும், அந்த நிறை அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் இருமடி அதோடு சேரும். விட்டம் பாதியானால் நிலைமம் 32இல் ஒரு பங்கு. ஒன்றரை மடங்கு பெரிதானால் ஏழரை மடங்கு. பெரிய எஞ்சினுக்கு வாயுவும் அதிகம் கிடைப்பதால் இழப்பு ஓரளவு ஈடாகும், முழுக்க ஈடாகாது. மூன்று சிலிண்டரில் இன்னொரு நன்மை: ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளும் துடிப்புகள் 240 பாகை இடைவெளியில் வருவதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மோதுவதில்லை. ஐ20 என் லைன் 1,500 சுற்றிலேயே தன் முழு முறுக்குவிசையான 172 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. டர்போ இல்லாத 1 லிட்டர் எஞ்சின் அதில் பாதியைத்தான் தரும், அதுவும் இன்னும் வேகமாகச் சுற்றினால். நின்று நின்று கிளம்பும் ஊரில் ஓட்டுநர் வாழ்வது 1,000 முதல் 2,500 சுற்றுவரை உள்ள இந்தக் கீழ்த்தட்டில்தான். அங்கேயே கையில் சரக்கு இருப்பது பெரிய விஷயம்.

எல்லாமே சின்னக் காருக்குச் சாதகம் என்று நான் சொல்லவில்லை. கியர்பாக்ஸில் பெரிய கார் தெளிவாக உயர்ந்து நிற்கிறது. எம்340ஐயில் இருப்பது டார்க் கன்வர்ட்டரோடு கூடிய எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அதில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. ஊர்ந்தாலும் எண்ணெய்தான் சூடாகும், அந்தச் சூட்டை வெளியேற்றத் தனிக் குளிர்விப்பான் உண்டு. விலை குறைந்த பல ஹேட்ச்களில் வருவது உலர்வகை இரட்டைக் கிளட்ச். அதில் உலோகமும் உராய்வுத் தகடும் நேரடியாக உரசியே கார் கிளம்ப வேண்டும். நின்ற காரை மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கிளட்ச் வழுக்கிக் கொண்டுவந்தால், காருக்குப் போன ஆற்றலுக்குச் சமமான ஆற்றல், சுமார் 3 கிலோஜூல், கிளட்ச்சில் சூடாகத் தங்கும். கால் மணி நேரத்தில் நூறு முறை அப்படி இரண்டிரண்டு மீட்டராக நகர்ந்தால் 300 கிலோஜூல். ஐந்து கிலோ இரும்பில் அவ்வளவும் தங்கினால் வெப்பநிலை 130 பாகை ஏறும். கொஞ்சம் காற்றுக்குப் போய்விடும் என்றாலும், வங்காளக் கோடையில் வெளிக்காற்றே 38 பாகையில் நிற்கிறது. ஆகவே இந்த ஊரில் ஹேட்ச் வாங்குபவருக்கு என் பரிந்துரை சாதாரண மேனுவல் கியர். ஐ20 என் லைனில் 2023 முதல் அது கிடைக்கிறது. இரட்டைக் கிளட்ச்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு பழக்கம்: முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை விடாதீர்கள். அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் கிளட்ச்சைக் கொல்லும்.

இனி, இன்பம். வேகக் காரை விற்பவர் இழப்பதாக அஞ்சுவது இதைத்தான்.

கண்ணை விட்டால் நம் உடலுக்கு வேகத்தை உணரும் உறுப்பே கிடையாது. உட்செவிக்குள் ஒரு மென்மையான பசைப் படலத்தின் மேல் சுண்ணாம்புத் துகள்கள், செவிக்கற்கள், உட்கார்ந்திருக்கின்றன. உடல் முன்னே பாயும்போது அவை பின்தங்கி, அடியில் உள்ள நுண்மயிர்களை வளைக்கின்றன. நாம் உணர்வது முடுக்கத்தை. 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தில் காபி குடிக்கலாம். அங்கே செவிக்கற்களுக்கு வேலையே இல்லை. ஆக, உடல் அறியும் உற்சாகத்துக்குப் பெரிய வேகம் தேவையில்லை, வேகத்தில் மாற்றம் இருந்தால் போதும். வேகத்தைச் சொல்வது கண். அதுவும் கிலோமீட்டரைப் படிப்பதில்லை. பக்கவாட்டில் இருப்பவை எவ்வளவு விரைவாகக் கண்ணைக் கடந்து ஓடுகின்றன என்று பார்க்கிறது. அது வேகத்தைத் தூரத்தால் வகுத்த அளவு. விடியற்காலையில் பவானிப்பூரின் சந்து ஒன்றில் இரண்டு மீட்டர் தள்ளி வீட்டுத் திண்ணைகள் இருக்க, மணிக்கு 40இல் போனால் கண்ணில் ஓடும் ஓட்டமும், எட்டு மீட்டர் தள்ளித் தடுப்பு இருக்கும் நெடுஞ்சாலையில் 160இல் போனால் கண்ணில் ஓடும் ஓட்டமும் ஒன்றே. சந்தில் 40 என்பதே பொறுப்புள்ளவர் தொடக்கூடாத வேகம். 25இலேயே மனத்துக்கு நிறைவான ஓட்டம் கிடைத்துவிடும்.

வளைவும் அப்படியே. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 28 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 0.4 பங்கு. எஞ்சின் எதுவானாலும் எண் மாறாது. மாறுவது காரின் பதில். 2.58 மீட்டர் சக்கர இடைவெளியும் 1,200 கிலோவும் கொண்ட கார், 2.85 மீட்டரும் 1,800 கிலோவும் கொண்ட காரைவிடச் சட்டென்று மூக்கைத் திருப்பும். கியரை இறக்கி, முழுக்க மிதித்து, மூன்று சிலிண்டரின் கரகரப்பு ஏறுவதைக் கேட்டு, சாலை விதிக்குள் நின்றே எஞ்சினின் எல்லாவற்றையும் பயன்படுத்திவிடலாம். பெரிய காரில் அதே முழு மிதியை இரண்டு விநாடி கொடுத்தாலே நகர எல்லை வேகத்தைத் தாண்டிவிடும். அந்தக் கார் தன் வாழ்நாளில் கொல்கத்தாவுக்குள் ஒருமுறைகூட முழு மூச்சு விட்டிருக்காது. நல்ல பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செதுக்கிய எஞ்சினுக்கு இது நேர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெள்ளத்தில் மட்டும் இரண்டு கார்களும் சமம். 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளுக்குள் 251.4 மில்லிமீட்டர் மழை கொட்டி, நகரம் மூழ்கி, மின்கசிவில் உயிர்கள் போயின. டண்டனியா, ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சின்ன எஞ்சினில் ஒரு சிலிண்டர் 333 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 37 மில்லி போலத்தான். அதைவிட அதிகத் தண்ணீர் காற்றுக்குழாய் வழியே உள்ளே போய்விட்டால் பிஸ்டன் நடுவழியில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். பெரிய எஞ்சினில் அந்த இடம் 50 மில்லி, வித்தியாசம் ஒன்றுமில்லை. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகாமல் தள்ளி ஓரங்கட்டுவதே எஞ்சினைக் காப்பாற்றும்.

இழப்பு என்று நான் உண்மையாகவே ஒப்புக்கொள்வது இரண்டு. ஒன்று, நேர்வரிசை ஆறு சிலிண்டரின் சமநிலை. அதில் பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகளும் ஆட்டமும் ஒன்றையொன்று முழுக்க அழித்துக்கொள்கின்றன. மூன்று சிலிண்டரில் விசைகள் அடங்கினாலும், எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆட முயலும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் அந்த நடுக்கம் தெரியும்.

மற்றது, முந்துதல். ஞாயிற்றுக்கிழமை பசந்தி நெடுஞ்சாலையில் சுந்தரவனத்துப் பக்கம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தடுப்பு இல்லை, எதிரே வண்டி வரும். 80இலிருந்து 120 கிலோமீட்டருக்கு வேகம் கூட்டப் பெரிய காருக்கு இரண்டரை விநாடி போல. சின்னக் காருக்கு ஆறு விநாடிக்கு மேல். மூன்றரை விநாடிக் கூடுதல் என்றால் தவறான பக்கத்தில் கூடுதலாக 100 மீட்டர். எதிரே வருபவரும் அதே நேரத்தில் இன்னொரு 80 மீட்டர் நெருங்கியிருப்பார். பெரிய காரில் பழகிய கண் அந்த இடைவெளியைப் பழைய அளவிலேயே கணிக்கும். கார் மாற்றியவர் முதல் சில மாதங்கள் அந்தச் சாலையில் யாரையும் முந்தாமல் இருப்பதே நல்லது.

2025 ஆகஸ்ட் 22 முதல் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அன்றுதான் ஹவுரா மைதானத்திலிருந்து செக்டர் ஃபைவ்வரை மெட்ரோ முழுதாக ஓடத் தொடங்கியது. லேக் மார்க்கெட்காரர் காளிகாட்டில் ஏறி எஸ்ப்ளனேடில் மாறினால் நேராக அலுவலகப் பக்கம் இறங்கலாம். மெட்ரோ ரயில் நிற்கும்போது அதன் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி மின்சாரமாகித் திரும்புகிறது, கார்களில் போல முழுதும் சூடாகிப் போவதில்லை. அலுவலகப் பயணத்தை அவர் அதற்கு மாற்றிக்கொண்டால் இதுவரை போட்ட கணக்கு எல்லாம் திரும்பிவிடும். 30 நிறுத்தங்களும் 20 நிமிடக் காத்திருப்பும் காரின் கணக்கிலிருந்து போய்விடும். மிஞ்சுவது ஞாயிறு விடியற்காலை துர்காபூர் விரைவுச்சாலையும் பசந்தியில் முந்த வேண்டிய லாரிகளும்தான். அப்படிச் செய்கிறவர் எம்340ஐயை விற்கக் கூடாது.